ஒட்டாத சத்தம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் முதல் முறையாக டிவியில் செய்தி வாசிக்கப் போகிறாள். அதற்குள் டிவியின் சத்தத்தைப் பழைய பெரிய ஸ்பீக்கர் வழியாக வரவழைத்தே தீருவேன் என்று ஃபிட்டர் ஒற்றைக்காலில் நின்றார். நிற்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் புதிதாக ஒரு வயர்கூட வாங்கமாட்டாராம். வீட்டில் இருக்கிற வயரை வைத்தே முடித்துக் காட்டுவாராம்.

ஃபிட்டர் என்பது அவருடைய வேலை. முப்பது வருஷமாக நெசவு மில்லில் தறிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டுப் பழகி அதுவே பெயராகிவிட்டது. அவர் மனைவிகூட மனசுக்குள் அவரை ஃபிட்டர் என்றுதான் சொல்லிக்கொள்வாள். கோபம் வந்தால் வாய்விட்டும் சொல்வாள். இந்த வாரம் நிறையவே சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கியது. கல்யாணமான புதிதில் அவள் துணிமணி கொண்டுவந்த நீல சூட்கேஸ். அவளுடைய துணி என்றைக்கோ அதிலிருந்து வெளியேறிவிட்டது. இப்போது உள்ளே முழுக்க வயர். செத்துப்போன செல்போன்களின் சார்ஜர், எந்த ரேடியோவுடையது என்றே தெரியாத ஏரியல், மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்திருந்த கம்ப்யூட்டரின் வால்கள். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சீப்பு படாத தலைமுடி மாதிரி கிடந்தன. இரண்டு தடவை வீடு மாறியபோதும் அதைக் குப்பையில் போடப்போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும், அடுத்த அறையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த மனுஷன் அது காதில் விழுந்த மாத்திரத்தில் ஓடிவந்து சூட்கேஸ்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எதுக்காவது ஆகும் என்பது அவருடைய மந்திரம். ஏழெட்டு வருஷமாகப் பரணில் தூங்கியது, இப்போது எதற்கோ ஆகிவிட்டது.

டிவி போன வருஷம் வாங்கியது. கடைக்காரன் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, எவ்வளவு ஒல்லி பாருங்கள் என்று பெருமைப்பட்டுப் போனான். ஒல்லிதான். அதன் ஸ்பீக்கரும் ஒல்லி, அதையும் முதுகுப்பக்கம் வைத்திருந்தார்கள். டிவி பேசுவது நம்மிடம் அல்ல, சுவரிடம். அதனால் ஃபிட்டர் சத்தத்தை ஏற்றுவார், அவள் வந்து இறக்குவாள், அவர் மறுபடி ஏற்றுவார். ஒரு வருஷமாக ரிமோட் அந்த வீட்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெரிய ஸ்பீக்கர் ஹாலின் இரண்டு மூலையிலும் நின்றது. நடுவில் ஆம்ப்ளிஃபயர், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது, பூந்தொட்டி வைக்கத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஃபிட்டர் பூந்தொட்டியை இறக்கிவைத்து, தூசி துடைத்து, சிவப்பு வெள்ளை முனை வைத்த வயரைச் சூட்கேஸிலிருந்து உருவினார். டிவியின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை இருந்தது. சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை. நிறம் பார்த்துக் குத்த என்ன படிப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே குத்தினார். சத்தம் வரவில்லை. வயரைத் திருப்பிப் போட்டார். வரவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். மத்தியானம் வரைக்கும் தட்டினார்.

கடைசியில் அவள்தான் முட்டி போட்டு, கழுத்தை ஒடித்து, டிவியின் முதுகில் இருந்த எழுத்தைப் படித்தாள். அது சத்தம் உள்ளே போகிற ஓட்டை. வெளியே வருகிற ஓட்டை அல்ல. இதுவரை வீட்டுக்குள் நுழைகிற கதவு வழியாக வெளியே போகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எடுத்துச் சொன்னாள். ஃபிட்டர் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுவிட்டு, சரி, அடுத்தது என்று சூட்கேஸுக்குள் கையை விட்டார்.

பொடி எழுத்து படிப்பது அவள் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக, வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்கிறவள். கண் மங்கியதை ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கிறது. தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்வார்கள். போன தடவை வந்தபோது கேட்டதை ஞாபகம் வைத்துச் சொல்வார்கள். அவளிடம் அது நடக்காது. ஊகிக்கிறவன் தலையை அரையடி முன்னால் நீட்டுவான், புருவத்தைச் சுருக்குவான், மூச்சைப் பிடித்துக்கொள்வான். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அவளை ஏமாற்றிவிட்டுப் போன கண் இதுவரை இல்லை என்று முதலாளியே சொல்வார்.

திங்கட்கிழமை தட்டை முனை வயர். அது டிவிக்கு ஒத்துவந்தது, ஆம்ப்ளிஃபயருக்கு வயசாகிவிட்டதால் அதற்கு ஒத்துவரவில்லை. செவ்வாய்க்கிழமை இயர்ஃபோன் குத்துகிற வயரை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் டிவியைத் தடவினார். இந்த டிவியில் இயர்ஃபோன் ஓட்டையே கிடையாது. அவளுடைய தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், போனில் சிரித்தான். கடையில் நீளமாக ஒரு ஸ்பீக்கர் கிடைக்கும், டிவிக்குக் கீழே வைத்தால் ரெண்டு நிமிஷ வேலை, நானே வாங்கி வருகிறேன் என்றான். அவள் அதைச் சொன்னபோது ஃபிட்டர் முதலில் என்ன என்றார். மறுபடி சொன்னாள். மறுபடியும் என்ன என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் வயர் இருந்தால் பெண்டாட்டி சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. மூன்றாம் தடவை எதிரில் போய் நின்று சொன்ன பிறகு, வேண்டாம், நம்ம பெரிய பொட்டி மாதிரி வராது என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகள் போன் செய்தாள். அவள் வேலை பார்ப்பது இரண்டு ராத்திரி ரயில் பயண தூரத்தில். தினமும் கூப்பிடுவாள், தினமும் ஃபிட்டர், நீயே பேசு, எனக்குக் கை அழுக்காயிருக்கு என்று எழுந்து போய்விடுவார். மகளுக்காக மூன்று நாளாக வயரோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் அவளிடம் போனில் இரண்டு வார்த்தை பேசமாட்டார். இது என்ன பாசமோ என்று அவள் மகளிடமே புலம்பினாள். மகள் சிரித்துக்கொண்டு, அப்பாவுக்கு நேர்ல பாத்தாத்தான் பேச்சு வரும், விடும்மா என்றாள்.

அதுவும் உண்மைதான். நேரில் என்றால் அப்பாவும் மகளும் விடிய விடியப் பேசுவார்கள், அதுவும் சத்தமே இல்லாமல். மில்லில் நூறு தறி ஓடுகிற இடத்தில் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். பத்துத் தறி தள்ளி நிற்கிறவன் அதைப் பார்த்தே பதில் சொல்வான். அந்த மில் பேச்சை ஃபிட்டர் மகளுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். அம்மா கல்லுமாதிரி உட்கார்ந்திருக்க, சாப்பாட்டு மேஜையில் இருவரும் அவள் தலைக்கு மேலே வாயசைத்து ரகசியம் பேசிச் சிரிப்பார்கள். அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, கற்றுக்கொள்ளவும் இல்லை.

செய்தி வாசிக்கிற வேலைக்குப் பரீட்சை எழுதிய காலத்தில் மகள் தினமும் அப்பாவை எதிரில் உட்காரவைத்துச் செய்தித்தாள் வாசிப்பாள். வாயத் திறந்து பேசு, முழுங்காதே என்று அவர் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். ஒரு சொல்லைப் பத்துத் தடவை சொல்லவைப்பார். பெண்ணைப் போட்டு ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று அவள் சண்டைகூடப் பிடித்திருக்கிறாள். கடைசியில், இவ்வளவு தெளிவாக உச்சரிக்கிற பெண்ணைப் பார்த்ததில்லை என்று சொல்லித்தான் வேலையே கொடுத்தார்கள்.

புதன்கிழமை வழி பிறந்தது. டிவியின் முதுகில் சின்னக் கதவு போட்ட ஒரு ஓட்டை இருந்தது, உள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. சத்தத்தை வெளிச்சமாக மாற்றி அனுப்புகிற ஆப்டிகல் வயருக்கான இடம் அது. ஆம்ப்ளிஃபயரிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. சூட்கேஸின் அடியில், என்றோ ஒரு பிளேயரோடு வந்து பிரிக்காமலே கிடந்த ஆப்டிகல் வயர் கிடைத்தது. ஃபிட்டர் அதை வெற்றிக்கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார். இரண்டு முனையிலும் செருகினார். சத்தம் வரவில்லை.

அவள் அன்றைக்குக் கடையில் பதினெட்டுப் பேருக்குக் கண் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இருந்தாலும் வயரின் முனையைப் பிடுங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். உளுந்து அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. தூசி படாமல் இருக்கக் கம்பெனிக்காரன் போட்டது. மூடியோடு குத்தினால் எப்படி வரும். நகத்தால் கிள்ளி எறிந்தாள். டிவியின் மெனுவில் போய், சத்தம் ஆப்டிகல் வழியாகப் போகட்டும் என்று மாற்றினாள். டிவியின் சொந்த ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது, ஹாலின் இரண்டு மூலையிலிருந்தும் ஒரு ஆளின் குரல் கிணறு போல ஆழமாக எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஸ்பீக்கரில் மகள் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, நான்கு நாள் எரிச்சலையும் மன்னித்துவிட்டாள்.

ஃபிட்டர் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முகம் மலர்ந்தது. பிறகு வந்து டிவிக்கு எதிரில் உட்கார்ந்தார், பார்த்தார், முகம் சுருங்கியது.

"ஒட்டலை," என்றார்.

எது ஒட்டவில்லை என்று கேட்டாள். உதடு முன்னால் போகிறது, சத்தம் பின்னால் வருகிறது என்றார். அவள் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இருபது வருஷமாகப் பொடி எழுத்து பார்த்த கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது. வியாழக்கிழமை தம்பி வந்தான். அவனும் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு மாமா, இருந்தாலும் கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும், யாரு கவனிக்கப் போறாங்க என்றான். சத்தத்தைத் தள்ளிவைக்கிற ஒரு வசதி மெனுவில் இருந்தது. அதை நகர்த்தினால் சத்தம் இன்னும் தாமதமாகத்தான் வந்தது. முன்னால் இழுக்க அதில் வழி இல்லை. ஃபிட்டர் வயரைப் பிடுங்குவார், குத்துவார், உட்கார்ந்து பார்ப்பார், ஒட்டலை என்பார். தம்பி டீயைக் குடித்துவிட்டு, அக்கா, உனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று காதோடு சொல்லிவிட்டு நழுவினான்.

வெள்ளிக்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். இனிமேல் வயரைத் தொட்டால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று எச்சரித்தாள். ஃபிட்டர் சட்டை மாற்றி, தலை வாரி, டிவிக்கு இரண்டடி தூரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஏழு மணிக்குச் செய்தியின் இசை ஸ்பீக்கரில் முழங்கியது. மகள் வந்தாள். நீல நிறச் சட்டை, பின்னிழுத்து வாரிய தலை, கொஞ்சம் பயந்த கண். வணக்கம் என்றாள். ஹால் முழுக்க அவள் குரல் நிரம்பியது. தாய்க்காரிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஃபிட்டர் எழுந்தார், டிவிக்குப் பின்னால் கையை விட்டார், வயரைப் பிடுங்கினார்.

சத்தம் செத்தது. மகள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, ரிமோட்டைக் கொடுங்கள் என்று அவள் கத்தினாள். மெனுவுக்குள் போய் டிவி ஸ்பீக்கரை எழுப்ப வேண்டும், அதற்குள் பாதிச் செய்தி போய்விடும், பெற்ற பெண்ணின் முதல் செய்தி. ரிமோட் அவர் பிடியில் இருந்தது. அவர் கொடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"உக்காரு. நான் சொல்றேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். வடக்கே அணையில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, கரையோரம் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றார். ஆசிரியர்கள் நடத்திய பேச்சுவார்த்தை முடிந்தது என்றார். மகள் வாய் அசைய, அதோடு ஒட்டிக்கொண்டே அவருடைய கரகரத்த குரல் வந்தது. இடையில் ஒரு ஊர் பெயர் பிடிபடவில்லை, விட்டுவிட்டுப் போனார். ஒரு மந்திரி பெயரில் தடுக்கினார். மகள் எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே அவரும் மூச்சு வாங்கினார்.

அவள் ரிமோட்டைப் பிடுங்கத்தான் போனாள். போனவள் பக்கவாட்டில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். தலை அரையடி முன்னால் நீண்டிருந்தது. புருவம் சுருங்கியிருந்தது. ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமாகத் தினமும் அவள் நாற்காலியில் வந்து உட்காருகிற முகம் அது.

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். பத்து நிமிஷச் செய்தி முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மகள் கை கூப்பினாள், படம் மாறியது, ஃபிட்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் மெதுவாக அவர் முதுகுப்பக்கம் போனாள். என்னங்க என்றாள். அசையவில்லை. கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டாள். அசையவில்லை.

"அந்தச் சூட்கேஸை இன்னைக்கே குப்பையில போடப்போறேன்," என்றாள்.

ஃபிட்டர் கண்ணை மூடியபடியே புன்னகைத்துக்கொண்டிருந்தார், மகளை நினைத்து.

ஊரில் இருக்கிறவன் கண்ணையெல்லாம் சோதித்தவள், ஒரே வீட்டில் இருந்தவர் காதைக் கவனிக்கவில்லை. கவனிக்காதது மட்டுமா, என்ன என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் எரிந்து விழுந்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்குக் கோபம் பொங்கியது. முன்னால் வந்து அவர் முழங்காலைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்ததும், காதைக் காட்டி, எப்போதிருந்து என்று கேட்டாள்.

ஃபிட்டர் மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை. நாலு வருஷம் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். மில்லில் தெரிந்தால் ஸ்டோரில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள், தறியின் சத்தம் கேட்காத ஃபிட்டரை யார் வைத்துக்கொள்வார்கள், இப்போது தறிமேல் கையை வைத்துத்தான் கோளாறு கண்டுபிடிக்கிறேன், இதுவரை தப்பவில்லை என்றார். டாக்டரிடம் போனால் கதை வெளியே வந்துவிடும் என்று போகவில்லையாம்.

அப்புறம் எதுக்கு இந்த ஸ்பீக்கர், இந்த வயர், இந்த வாரம் பூராவும் இந்தக் கூத்து என்று கேட்டாள்.

"பெரிய பொட்டில வந்தா அவ குரல் கொஞ்சமாவது கேக்கும்னு நெனச்சேன்," என்றார். "நாலு வருஷமாச்சு அவ குரல் கேட்டு. கேட்டுச்சு, கொஞ்சம் கேட்டுச்சு. ஆனா வாயோட ஒட்டல. குரலைப் பிடிச்சா வாய் ஓடிருது, என்ன பேசுறான்னு புரியல. அதான் குரல் வேணாம்னு பிடுங்கிட்டேன்."

மேஜைமேல் போன் அடித்தது. அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், கண்ணுக்குப் படாத பக்கத்தில். அவள் எட்டி எடுத்தாள். மகள் மூச்சு விடாமல் பேசினாள், எப்படி இருந்தது, அப்பா கேட்டாரா, என்ன சொன்னார் என்றாள். வரிக்கு வரி சொன்னார் என்றாள் அவள். பிறகு இதை வைத்துவிட்டு வீடியோவில் கூப்பிடச் சொன்னாள். "மூஞ்சியக் காட்டிப் பேசு. இனிமே எப்பவும் அப்படித்தான்." ஏன் என்று மகள் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

போன் மறுபடி அடித்தது. அவள் அதை அவருடைய முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கை அழுக்கு என்று அவர் எழுந்து போகவில்லை. மேக்கப் கலையாத மகள் சிரித்தாள், என்ன நினைத்தாளோ, சத்தமில்லாமல் வாயைப் பெரிதாக அசைத்தாள். ஃபிட்டர் குலுங்கிச் சிரித்தார். எப்போதும் போல அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன?" என்றாள். அவர் சிரித்து முடிக்கவில்லை. "என்ன சொல்றா?"

"வயர் ஒட்டுச்சான்னு கேக்குறா."

அவள் முகத்தை அவர் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டாள்.

"ஒட்டிருச்சுன்னு சொல்லுங்க," என்றாள், வாயை நன்றாகத் திறந்து.